ரத்தச் சீட்டும் நெற்றிப்பொட்டும்

விழுப்புரம் பக்கத்தில் நெல் அறுக்கும் கருக்கரிவாளைக் கையில் பிடித்தவர்களுக்கு, சிக்கிள் செல் என்ற நோயின் பெயரை விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தின் சிவப்பணு வட்டமாக, நடுவில் லேசாகக் குழிந்து, நெருக்கினால் நெளிந்து கொடுக்க வேண்டும். இந்த நோயில் அது ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் விறைத்து, அரிவாள் போல வளைந்துவிடுகிறது. 1910ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த இளைஞர் ஒருவரின் ரத்தத்தில் இந்த வடிவத்தைப் பார்த்து எழுதினார். 1949ல் லைனஸ் பாலிங், கோளாறு அணுவில் இல்லை, அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருக்கிறது என்று காட்டினார். சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் அதன் இடத்தையே தொட்டுக் காட்டினார்: 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியில், ஆறாவது மணி மட்டும் மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அந்த ஒரு மணியால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன; இழைகள் அணுவை உள்ளிருந்து தள்ளி வளைக்கின்றன. 120 நாள் வாழ வேண்டிய அணு, பத்து இருபது நாளில் உடைந்துபோகிறது. கண்ணில் மஞ்சள், கை கால் எலும்பில் வலி, எப்போதும் சோகை எல்லாம் அந்த உடைசலிலிருந்து வருபவை. பெற்றோர் அவ்வளவாகக் கேள்விப்படாத ஒன்றும் அதே உடைசலிலிருந்து வருகிறது. நான்கைந்து வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததில்லை. இந்தியாவில் அரிவாள் அணு இருக்கிறது என்று முதலில் பதிவானதே நீலகிரியில்தான். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து 1952ல் எழுதினார்கள். அதில் இருளர் பெயர் முன்னால் நின்றது. திண்டிவனம், மரக்காணம், செஞ்சி பக்கம் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் வாழும் குடும்பங்களுக்கும் இருளர் என்றுதான் பெயர். பொம்மையார்பாளையத்தில் கடல் பார்த்து நிற்பவருக்கு நீலகிரி தொலைவான மலை. ஆனாலும் பெயர் ஒன்றாக இருப்பதால் மரபணுவும் ஒன்று என்று முடிவுகட்டுவதும் தவறு, மலைக்காரர் நோய் நமக்கென்ன என்று விடுவதும் தவறு. அதைச் சொல்ல வேண்டியது ஜாதிச் சான்றிதழ் அல்ல, ஒரு துளி ரத்தம். தாய் தகப்பன் இருவரிடமும் மாறிய மரபணுவின் ஒவ்வொரு பங்கு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய். ஒரு பங்கு மட்டும் வாங்கியவர் சுமப்பவர்; அவருக்கு இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ஆபத்து இல்லை. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசியத் திட்டம், 7 கோடிப் பேரைச் சோதிப்பதாக இலக்கு வைத்தது. கண்டுபிடிப்பது முதல் படி. கண்டுபிடித்த குழந்தையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் நடந்த பெரிய கூட்டு ஆய்வு ஒன்று 1998ல் கணக்குச் சொன்னது: தடுப்பு ஏதும் இல்லாவிட்டால், இந்த நோயுள்ளவர்களில் 100க்கு 11 பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வருகிறது. ரத்தக்குழாய் அடைத்து வரும் வகை, 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில்தான் மிக அதிகம். தாத்தாவுக்கு வரும் வாதத்துக்குக் கொழுப்பும் சர்க்கரையும் புகையும் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தையிடம் இவை எதுவும் இல்லை. காலையில் டம்ளரைப் பிடிக்கும் கை நழுவுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, நடக்கும்போது ஒரு கால் இழுக்கிறது. வலிக்கு அழும் குழந்தையைப் பார்த்துப் பழகிய வீட்டில் இதையும் அசதி என்று எடுத்துக்கொள்ள நேரும். இதைவிட அதிகமாக வருவது சத்தம் போடாத வகை. கையும் காலும் சரியாக இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால் மட்டும் மூளையில் சிறு சிறு தழும்புகள் தெரியும். 14 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இது இருக்கிறது. பள்ளியில் கணக்கு ஏறவில்லை, கவனம் நிற்கவில்லை என்று ஆசிரியர் சொல்வதாகத்தான் அது வெளியே வரும்.

ஏன் குழந்தைக்கு? ஐந்து வயதில் மூளை பெரும் பசிக்காரன். உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் பாதிக்கும் மேல் அது ஒன்றே தின்றுவிடும் வயது. ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 7 கிராம் இருந்தால், அதே அளவு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க ரத்தம் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. பாரம் குறைவாக ஏற்றும் வண்டி அதிக நடை அடிப்பது போல. இது முதல் சுமை. இரண்டாவது, உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின். அணுவுக்குள் இருக்கும்வரை அது வேலைக்காரன். வெளியே வந்துவிட்டால் ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. ஒட்டும் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் குழாயின் உட்சுவரைக் கீறிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால், மூளையின் அடித்தளத்தில் உள்ள பெரிய தமனிகளின் உட்சுவர் தடித்து, துவாரம் குறுகுகிறது. வேகமாக ஓட வேண்டிய ரத்தம், குறுகிக்கொண்டே போகும் வழியில் ஓடுகிறது. ஒரு காய்ச்சல், ஒரு நுரையீரல் தொற்று, திடீரென்று ஹீமோகுளோபின் இறங்குதல் என்று எது வந்தாலும் மேலோரத்து மூளைக்குத் தண்ணீர் போகாத கடைமடை நிலை.

ஓட்டத்தின் வேகத்தை வெளியிலிருந்தே அளக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் பெரிய திருப்பம். கண் ஓரத்துக்கும் காதுக்கும் நடுவில், நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிதாக இருக்கிறது. அங்கே ஜெல் தடவி ஒலியலைக் கருவியை வைத்தால், உள்ளே நடுமூளைத் தமனியில் ரத்தம் விநாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் ஓடுகிறது என்று திரையில் தெரியும். இதை டிசிடி என்கிறார்கள். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. நோயில்லாத குழந்தையிடம் 90, 100 என்று வரும். சிக்கிள் செல் உள்ள குழந்தையிடம் 130, 140 என்பது சாதாரணம். 200ஐத் தொட்டால் ஆபத்து. ராபர்ட் ஆடம்ஸ் குழு நடத்திய ஸ்டாப் ஆய்வு 1998ல் வெளிவந்தது. 200ஐத் தாண்டிய 130 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினார்கள், மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ரத்தம் ஏற்றாத பக்கம் 11 பக்கவாதங்கள், ஏற்றிய பக்கம் ஒன்று. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, எல்லோருக்கும் ரத்தம் ஏற்றும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். ஏற்றாத குழந்தைகளில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. 2 வயதிலிருந்து 16 வயதுவரை ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை என்ற விதி அங்கிருந்து வந்தது. குழந்தை விழித்திருக்க வேண்டும், அழக்கூடாது. தூங்கினால் வேகம் ஏறும், விம்மி அழுதால் இறங்கும். கருவியைவிட, குழந்தையை மடியில் வைத்துச் சிரிக்க வைக்கத் தெரிந்த கைதான் அருமை.

அப்படியானால் ரத்தச் சோதனைக்கு என்ன வேலை? கருவி இல்லாத இடத்தில், ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து இந்தக் குழந்தைக்கு வாதம் வரும், அந்தக் குழந்தைக்கு வராது என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் முப்பது ஆண்டு ஆசை. அந்த ஆசைக்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. ஜமைக்காவில் பிறந்ததிலிருந்தே பின்தொடர்ந்த 310 குழந்தைகளின் கணக்கு 1992ல் வந்தது: பின்னாளில் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு வயதிலேயே வெள்ளையணு எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. அமெரிக்கக் கூட்டு ஆய்வில், உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஹீமோகுளோபின் தாழ்ந்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடியது. கைக்குழந்தைப் பருவத்தில் இளம் சிவப்பணுக்கள், அதாவது ரெட்டிகுலோசைட், நிறைய இருந்தால் பின்னால் டிசிடி வேகம் ஏறுகிறது. அணு உடைசலைக் காட்டும் எல்டிஎச் என்ற நொதி ஏறினாலும் அப்படியே. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கொரோனாவில் வீட்டுக்கு வீடு வாங்கி, இப்போது பரண்மேல் கிடக்கும் அதே கிளிப்தான். இரவில் ஆக்சிஜன் அளவு இறங்கும் குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு அதிகம் என்று லண்டனில் நடந்த ஆய்வு 2001ல் சொன்னது.

ஆனால் தொடர்பு இருக்கிறது என்பது ஒன்று, முன்கூட்டிச் சொல்லும் என்பது வேறு. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். 100 குழந்தைகள், அவர்களில் 10 பேருக்கு என்றாவது வாதம் வரப்போகிறது. நம்மிடம் நல்ல குறியீடு ஒன்று இருக்கிறது, அந்தப் பத்தில் எட்டைப் பிடித்துவிடுகிறது. கைதட்டலாம். மீதி 90 பேரில் மூன்றில் ஒருவரையும் அது தவறாகக் காட்டுகிறது, 30 பேர். ஆக 38 பெற்றோரைக் கூப்பிட்டு உங்கள் பிள்ளைக்கு ஆபத்து என்கிறோம். அதில் 8 பேருக்குத்தான் உண்மை. கவலை வேண்டாம் என்று அனுப்பிய 62 பேரில் இருவருக்கு வாதம் வருகிறது. எந்தச் சீட்டை நம்புவது? இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்றும் உண்டு. ரத்தக் குறியீடுகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பல, பக்கவாதம் வரும்வரை காத்திருப்பதில்லை. டிசிடி வேகத்தோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஹீமோகுளோபின் குறைந்தால் வேகம் ஏறும் என்று மேலே பார்த்தோம். எனவே ஹீமோகுளோபினை வைத்து டிசிடியைக் கணிப்பது, வாசலில் வெயிலைப் பார்த்துவிட்டு மொட்டைமாடி சூடாக இருக்கும் என்று சொல்வது மாதிரி. பொய்யில்லை, ஆனால் குழாய் குறுகியிருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

புதிய புரதங்களைத் தேடும் வேலையும் நடக்கிறது. ஸ்டாப் ஆய்வில் சேமித்து வைத்த ரத்தத்தையே எடுத்துப் பார்த்து, பிடிஎன்எஃப், பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதங்கள் வேகம் ஏறிய குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதாக 2012ல் எழுதினார்கள். மூளைச் செல் சிதைந்தால் கசியும் ஜிஎஃப்ஏபி என்ற புரதத்தையும் அளந்திருக்கிறார்கள். அறிவியலுக்கு இவை வேண்டும், மறுக்கவில்லை. நம் ஊர் ஆய்வகத்துக்கு இவற்றால் இப்போதைக்குப் பயன் இல்லை என்பதே என் கணிப்பு. ஜிஎஃப்ஏபி, கூரை பற்றிய பிறகு வரும் புகை. மற்றவற்றை அளக்கும் செலவில் ஒரு செவிலியருக்கு டிசிடி கற்றுக்கொடுத்துவிடலாம். வடக்கு நைஜீரியாவில் அதைத்தான் செய்தார்கள், அங்கே வேலையும் நடந்தது.

பழைய, மலிவான குறியீடுகளையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். அணு எண்ணும் இயந்திரத்துக்கு உட்கரு உள்ளது எல்லாம் வெள்ளையணு. சிக்கிள் செல் குழந்தையின் எலும்புமஜ்ஜை அவசரத்தில் உட்கரு போகாத இளம் சிவப்பணுக்களையும் வெளியே தள்ளுகிறது. பழைய இயந்திரம் அவற்றையும் சேர்த்து எண்ணி, வெள்ளையணு 22,000 என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி ஒருவர் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு நேராகும். எல்டிஎச் இன்னும் மோசம். மெல்லிய நரம்பில் ஊசியை இழுத்து எடுத்த ரத்தம், மதிய வெயிலில் பஸ்ஸில் போன குழாய், இரண்டுமே குழாய்க்குள்ளேயே அணுக்களை உடைத்துவிடும். உடம்புக்குள் உடைந்ததா, பஸ்ஸில் உடைந்ததா என்று நொதிக்குத் தெரியாது. வலியோடு வந்து படுத்திருக்கும் நாளில் எடுத்த எண்ணும் உதவாது. காய்ச்சலும் வலியும் அடங்கிச் சில வாரம் கழித்து எடுப்பதுதான் அந்தக் குழந்தையின் சொந்த எண்.

குறியீடு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை, அதன் பின்னால் வரும் சிகிச்சைதான் தீர்மானிக்கிறது. பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். 1998ல் கையில் இருந்த ஒரே வழி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவது, அதுவும் முடிவில்லாமல். ஏற்றுவதை நிறுத்திப் பார்த்த ஸ்டாப் 2 ஆய்வில், வேகம் மறுபடி ஏறியது, இருவருக்குப் பக்கவாதமும் வந்தது. ஒவ்வொரு பையோடும் இரும்பு சேர்கிறது; கல்லீரலிலும் இதயத்திலும் தங்குகிறது; அதை இறக்கத் தனி மருந்து. சிலருக்கு அயல் ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாகி, பொருந்தும் ரத்தமே கிடைக்காமல் போகும். கூலிக்குப் போகும் தாய்க்கு மாதம் ஒரு நாள் போவது தனிக் கணக்கு. இப்படிப்பட்ட சுமையை 30 குழந்தைகள் மேல் தவறாக ஏற்ற முடியாது. அதனால்தான் டிசிடிக்குக் குறைந்த எதையும் ஏற்க முடியவில்லை. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வந்ததும் தராசு சாய்ந்தது. அது, பிறந்த பிறகு படிப்படியாகக் குறைந்துபோகும் கருப்பருவ ஹீமோகுளோபினை மறுபடி ஊற வைக்கிறது. அந்த வகை இழையாக ஒட்டாது. 2016ல் அச்சான ட்விட்ச் ஆய்வில், குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றி, குழாய் மோசமாகக் குறுகாத குழந்தைகளை மாத்திரைக்கு மாற்றினார்கள். வேகம் ரத்தம் ஏற்றியவர்களுக்கு இணையாகவே நின்றது. நைஜீரியாவில் ரத்தம் ஏற்ற வழியில்லாத, 200ஐத் தாண்டிய குழந்தைகளுக்கு மாத்திரை மட்டுமே கொடுத்த ஆய்வு 2022ல் வந்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கும் 20 கொடுத்தவர்களுக்கும் பக்கவாத அளவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இரு பக்கமும், சிகிச்சை இல்லாத பழைய கணக்கைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. மலிவான மாத்திரை இவ்வளவு செய்யும் என்றால், யாருக்கு ஆபத்து என்று தேடித் தேடிக் கொடுப்பதைவிட, 9 மாதம் கடந்த எல்லாக் குழந்தைக்கும் தர முன்வருவதே நியாயம். அமெரிக்க வழிகாட்டுதல் 2014லேயே அப்படித்தான் சொல்கிறது.

நம் நாட்டு நோய் மிதமானது, இத்தனை கெடுபிடி எதற்கு என்று மருத்துவர்களே கேட்பதுண்டு. இந்தியாவில் பரவியிருக்கும் அரேபிய-இந்திய வகை மரபணுவோடு கருப்பருவ ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருப்பது உண்மை. ஒடிசாவில் 1980களிலேயே இதைப் பதிவு செய்தார்கள். பழங்குடியினரிடம் பரவலாக உள்ள ஆல்ஃபா தலசீமியாவும் பக்கவாதத்தைக் குறைக்கிறது. இவை ஒரு கூட்டத்தின் சராசரிகள். நாக்பூரில் தீப்தி ஜெயின் குழு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குறைந்த அளவு ஹைட்ராக்ஸியூரியா கொடுத்துப் பார்த்தது இந்திய மண்ணில்தான். கடுமையான நோய் இல்லாவிட்டால் அந்த ஆய்வே நடந்திருக்காது. பக்கவாதம் வந்த குழந்தையைப் பதிவு செய்ய எம்ஆர்ஐ வேண்டும், ஊரிலிருந்து வண்டி வேண்டும். எண்ணப்படாததை இல்லை என்று எடுத்துக்கொள்வது கணக்கில் சேராது. புற்றுநோய் மருந்தைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்பது பெற்றோரின் கேள்வி, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. மருந்து வெள்ளையணுவையும் தட்டணுவையும் இறக்கக்கூடியது. அதனால் ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். 2011ல் வந்த ஆய்வில் 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கே கொடுத்து, வலியும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்ததைக் காட்டினார்கள்.

அப்போது ரத்தக் குறியீட்டுக்கு இரண்டு வேலைகள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று வரிசை. மலையடிவாரத்துக்கு டிசிடி கருவி மாதத்தில் ஒருநாள் வருகிறது, நாற்பது குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்றால், ஹீமோகுளோபின் 6ஐச் சுற்றி நிற்கும் குழந்தையையும் வெள்ளையணு ஏறிய குழந்தையையும் முதலில் உட்கார வைக்கலாம். கடைசியில் நிற்கும் குழந்தையையும் பார்த்துவிட்டுத்தான் வண்டி கிளம்ப வேண்டும். மற்றது காவல். மாத்திரை வேலை செய்தால் ஹீமோகுளோபின் ஏறும், வெள்ளையணு இறங்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்சிவி என்ற எண் மெதுவாகப் பெருகும். சாதாரண ரத்தச் சீட்டில் யாரும் நின்று பார்க்காத வரி அது. 10 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 200 வேண்டும்; கடையில் கிடைக்கும் காப்ஸ்யூல் 500. அதைப் பிரித்து, தண்ணீரில் கலந்து, பங்கு போட்டுக் கொடுப்பது தாயின் தலையில் விழுகிறது. மூன்று மாதம் கழித்து வந்த சீட்டில் எம்சிவி இருந்த இடத்திலேயே நின்றால், மரபணுவைக் குறை சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு: காப்ஸ்யூல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்ததா, இருந்தும் எத்தனை நாள் வாய்க்குள் போனது, ஐந்நூறை இருநூறாக்கும் விதத்தை யாராவது அந்தத் தாய்க்கு ஒருமுறை செய்து காட்டினார்களா.